விறகை மூட எந்தத் தார்ப்பாய் ஏற்றது?

கேள்வி: கொல்லைப்புறத்தில் அடுக்கியுள்ள விறகின் மேல் நான் கட்டிய நீலத் தார்ப்பாய், ஓராண்டுக்குள் தொட்டாலே செதில் செதிலாக உதிர்கிறது, அடியிலிருந்த விறகும் பூசணம் பிடித்துவிட்டது. வேறு எந்த வகையை வாங்கலாம்?

பதில் 1: அது பாலிஎத்திலீன் இழைகளை நெய்து, இருபுறமும் மெல்லிய படலம் ஒட்டிய வகை, புற ஊதாத் தடுப்பு சேர்க்காவிட்டால் வெயிலில் நொறுங்கிவிடும். நிறத்தையோ பளபளப்பையோ பார்க்காமல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 100 கிராமுக்குக் குறைந்தவை சில வாரத் தேவைக்கே உதவும். நிலையாகக் கட்டுவதற்கு 200 கிராமாவது வேண்டும். லாரிச் சரக்கை மூடும் பிவிசி பூச்சுத் துணி இன்னும் உறுதியானது என்றாலும், விறகுக்கு அது வீண்செலவு என்பேன்.

பதில் 2: பூசணத்திற்குத் தார்ப்பாயைக் குறைசொல்ல இயலாது. தரைவரை இழுத்து மூடியிருப்பீர்கள். மேற்பகுதியை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். கித்தான் துணி ஓரளவு ஈரத்தை வெளியே விடும். ஆனால் நனைந்தால் கனக்கும், ஈரத்தோடு மடித்தால் அதுவே பூசணம் பிடிக்கும்.

பதில் 3: சரிவாகக் கட்டுவதும் முக்கியம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால் 100 கிலோ எடை. ஓர வளையங்கள் பிய்ந்துகொண்டு வந்துவிடும்.