இச்சிரோவைப் பார்த்தவர்கள்

ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கு ஆடிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகியைப் பற்றி மூன்று பேர் எழுதியவை.

சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான பெல்வியூவிலிருந்து:

2004 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. உடன் வேலை பார்த்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததால் மீந்துபோன டிக்கெட் எனக்குக் கிடைத்தது. சியாட்டிலுக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பந்தை அடித்தால் ஓட வேண்டும், பேஸ்பாலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சீக்கிரமே போய்விட்டோம். ரைட் ஃபீல்டு, அதாவது மைதானத்தின் வலது வெளிப்பகுதி, பக்கம் இடம். மற்ற ஆட்டக்காரர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, ஒல்லியாக ஒருவர் மட்டும் தனியே நின்று உடம்பை வளைத்துக்கொண்டிருந்தார். கால்களை அகட்டிப் பாதி குந்தியபடி, முழங்கால்களில் கைகளை ஊன்றி ஒரு தோளை உள்ளே திருப்புவார். அப்புறம் மறு தோள். திரும்பவும் முதல் தோள். நான் காபி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். "இவர்தான் இச்சிரோ" என்றார் நண்பர்.

பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதல் பேஸுக்காவது (ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) போய்ச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். ஒரே சீசனில் 257 ஹிட் என்பது 1920-இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த சாதனை. 84 வருடங்களாக யாரும் அதைத் தொடவில்லை. அன்று காலை இச்சிரோவின் கணக்கில் 256. முதல் இன்னிங்ஸில் ஒன்று அடித்தார். தரையில் குத்திய பந்து மூன்றாவது பேஸில் நின்றவரின் தலைக்கு மேலே எகிறிப் போனது. மூன்றாவது இன்னிங்ஸில் இன்னொன்று, மைதானத்தின் நடுவே உருண்டு போனது. சிக்ஸரை எதிர்பார்த்து வந்த எனக்கு, இதற்கா இத்தனை வாணவேடிக்கை என்றுதான் தோன்றியது. அதற்குள் மொத்த அணியும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. அவரோ நேராகப் பார்வையாளர் பக்கம் போய், அங்கே உட்கார்ந்திருந்த சிஸ்லரின் வயதான மகளுக்குக் கை கொடுத்தார்.

அவர் அடிப்பதன் சூட்சுமம் பிடிபட எனக்கு இன்னும் இரண்டு சீசன் ஆனது. அவர் வலது கையால் எறிபவர், மட்டையை மட்டும் இடது கை ஆட்டக்காரராகப் பிடிப்பார். அந்தப் பக்கம் நின்றால் முதல் பேஸுக்கு ஓரிரு அடி கிட்டே. போதாததற்கு, பந்து மட்டையில் படும்போதே கால் கிளம்பியிருக்கும். நாமெல்லாம் கிரிக்கெட்டில் தட்டிவிட்டு ஓடும் சிங்கிள்தான். அந்த சீசனை 262-இல் முடித்தார்.

டோக்கியோவிலிருந்து:

அண்ணா, நான் பார்த்தது அவருடைய கடைசி ஆட்டம். 2019 மார்ச் 21, டோக்கியோ டோம். அவருக்கு அப்போது 45 வயது. அன்று ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் ரைட் ஃபீல்டுக்குப் போய் நின்றவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்க மேஜர் லீகில் அன்றுதான் முதல் ஆட்டம் ஆடிய பிட்சர் (பந்து எறிபவர்) யூசெய் கிகுச்சி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆட்டம் 12 இன்னிங்ஸ்வரை இழுத்தது. முடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. ரயிலைப் பிடிக்க வரிசையாக ஓடும் ஊர் இது, அன்று ஒருவரும் அசையவில்லை. அவர் மறுபடி வெளியே வந்து மைதானத்தைச் சுற்றிக் கையசைத்த பிறகுதான் எழுந்தோம்.

நள்ளிரவை ஒட்டி நடந்த பேட்டியில் அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் மனதில் நின்றுவிட்டன. மற்றவர்களைவிட அதிகமாக உழைப்பது தன்னால் ஆகாத காரியம், தராசு தனக்குள்ளேதான் இருக்கிறது, தன் எல்லையைக் கொஞ்சம் தாண்டுவதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தேன் என்றார். அமெரிக்காவில் வெளிநாட்டுக்காரனாக வாழ்ந்த பிறகுதான் அடுத்தவர் வலியை நினைத்துப் பார்க்க முடிந்தது என்றும் சொன்னார். இங்கே வந்த புதிதில் கடையில் உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் விழித்து நின்றவன் நான். எனக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது.

ஃப்ரீமாண்டிலிருந்து:

இச்சிரோ என்றாலே எல்லோரும் உழைப்பு உழைப்பு என்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆறாம் வகுப்பில் அவர் எழுதிய கட்டுரை ஜப்பானில் பிரபலம். வருடத்தின் 365 நாளில் 360 நாள் கடும் பயிற்சி, நண்பர்களோடு விளையாட வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் என்று அதில் எழுதியிருக்கிறார். பயிற்சி கொடுத்தது அப்பா. என் பையனுக்குப் பத்து வயது. அப்படி ஒரு அப்பாவாக என்னால் இருக்க முடியாது, இருக்கவும் ஆசையில்லை. அப்படி அப்பாக்கள் வளர்த்த எத்தனை பையன்கள் பாதியில் விட்டுப் போனார்களோ, அவர்கள் கட்டுரையை யார் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்?

ஆனால் 2025 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவர் பேசியதை வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். 394 வாக்கில் 393 அவருக்கு. கிளவுஸில் ஒரு கயிறு தளர்ந்து அதனால் பந்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தன் சாமான்களைத் தினமும் தானே பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். பையன் டிவியை அணைக்காமலேயே எழுந்து போய்த் தன் கிளவுஸைக் கொண்டுவந்தான். மண்ணைத் துடைத்து, எண்ணெய் தடவி, உள்ளே பந்தை வைத்து ரப்பர் பேண்ட் போட்டான்.

மூன்று நாள் செய்தான். நான்காவது நாள் கிளவுஸ் கார் டிக்கியில் ஈரமாகக் கிடந்தது. சரி, நான் எதுவும் சொல்லவில்லை.