14 வருடப் பழைய கார், வேகத்தடை தாண்டினால் ஆட்டம் அடங்கவில்லை: நாலு ஷாக் அப்சார்பரும் (ஷாக்) மாற்ற வேண்டுமா?

சாலைமேடு

வணக்கம். என்னிடம் இருப்பது 14 வருடப் பழைய ஹேட்ச்பேக், 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது, சஸ்பென்ஷனில் இதுவரை யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நாளாக வேகத்தடை தாண்டினால் வண்டி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடித்தான் அடங்குகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் நன்றாகக் குனிகிறது, பின் டயர்களைக் கையால் தடவினால் அலை அலையாக மேடும் பள்ளமும் தெரிகிறது, அப்புறம் முன் இடது பக்கம் சின்னக் குழியில்கூட 'டொக் டொக்' என்று சத்தம். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரியும் இருக்கிறது.

மெக்கானிக் நாலு ஷாக்கையும் மாற்றச் சொல்கிறார். நண்பர் ஒருவர் வண்டியின் ஒவ்வொரு மூலையையும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி? பிரேக் பேட் நானே மாற்றுவேன், இதையும் நானே செய்ய முடியுமா?

பழையஇரும்பு

ஆட்டம், முன்பக்கம் குனிவது, டயர் அலை அலையாகத் தேய்வது மூன்றும் ஷாக்கைத்தான் காட்டுகின்றன. சத்தத்துக்கும் பின்பக்கம் தாழ்ந்ததற்கும் காரணம் வேறாக இருக்கலாம், அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சின்ன வால்வுகள் வழியாகத் தள்ளும், ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிப் போய்விடும். எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்து எண்ணெய் வெளியேறினாலோ வால்வு தளர்ந்தாலோ அந்தத் தடை குறைகிறது. ஆகவே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் புது ஷாக் போட்டும் உயராது. டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பாருங்கள், பழைய வண்டிகளில் அந்தக் கடைசிச் சுற்று துருப்பிடித்து உடைந்து, ஸ்பிரிங் உட்காரும் தட்டிலேயே கிடக்கும், வெளியிலிருந்து சட்டென்று தெரியாது.

உங்கள் நண்பர் செய்த சோதனை ஒரு பக்கம்தான் உண்மை சொல்லும். அமுக்கி விட்டதும் வண்டி ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது, அதில் சந்தேகமில்லை. ஆடாமல் நின்றுவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கையால் அமுக்கும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, ஓடும்போது குழியில் விழுந்தால் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் நகர்கிறது, அந்த வேகத்தில் வால்வு என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியாது.

ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். சீலை ஒட்டி மெல்லிய ஈரமும் அதில் தூசியும் இருப்பது சகஜம், பிஸ்டனோடு சேர்ந்த கம்பி (ராடு) மேலே வரும்போது கொஞ்சம் எண்ணெயைக் கொண்டுதான் வரும். எண்ணெய் வழிந்து பாதி உடம்புக்கு மேல் நனைந்திருந்தால் அது கசிவு.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். ஷாக் ஒரே நாளில் போவதில்லை, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, ஓட்டுபவரும் தெரியாமலே அதற்குப் பழகிவிடுகிறார். என் வண்டியில் 95,000 கி.மீ.-ல் மாற்றினேன். மாற்றிய பிறகு முதல் மழையில் வளைவில் திரும்பும்போதுதான், அதுவரை ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருத்தித் திருத்தி ஓட்டியிருக்கிறேன் என்பது புரிந்தது. தளர்ந்த ஷாக்கோடு மேடு பள்ளமான சாலையில் பிரேக் பிடித்தால் டயர் தரையை விட்டு எகிறும். எகிறுகிற நேரத்தில், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை, நிற்கும் தூரம் கூடத்தான் செய்யும். சொகுசு போகட்டும், இதற்காகவாவது தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறைக்காரன்

தம்பி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே வேலையாக நினைக்க வேண்டாம்.

முன்னால் இருப்பது பெரும்பாலும் மெக்பெர்சன் ஸ்ட்ரட். 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்த அமைப்பு, இன்றும் சின்ன கார்களில் அதுதான். இதில் ஷாக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும்கூட, சக்கரத்தை மேலே பிடிக்கும் ஆர்ம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால்தான் ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் விட்டால் புது டயரும் ஒரு ஓரமாகத் தேய்ந்து போகும்.

ஸ்ட்ரட் மேல் ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டி உடம்போடு பிடிக்கும் டாப் மவுண்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை முறையாக இறுக்காமல் கழற்றினால் அது தெறிக்கும், முகத்துக்கோ கைக்கோ பட்டால் பெரிய காயம், உயிரே போகலாம். ஸ்பிரிங்கை இறுக்க வாடகைக்குக் கிடைக்கும் கொக்கி மாதிரி கம்ப்ரஸரில் மரை தேய்ந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கழற்றிய ஸ்ட்ரட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கே உள்ள பெரிய கருவியில் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங், டாப் மவுண்ட் எல்லாம் சேர்த்துக் கோத்த முழு ஸ்ட்ரட் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

பின்னால் ஷாக் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் இருந்தால் பிரேக் பேட் மாற்றத் தெரிந்தவர் தாராளமாகச் செய்யலாம். ஜாக் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக் கொடுத்துத் தாங்க வையுங்கள். இல்லாவிட்டால் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் அச்சு தொப்பென்று இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும், ஸ்பிரிங்கும் நழுவலாம். புது ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக அமுக்கி இழுத்து விடுங்கள், படுக்க வைத்து வந்ததில் உள்ளே ஏறிய காற்று போய்விடும். ராடைப் பிளையரால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் சீலை அறுத்துவிடும்.

எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், இடதும் வலதும் ஒன்றாக. அதோடு பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது இடிக்காமல் தடுக்கும் கட்டை), டஸ்ட் பூட் (தூசி தடுக்கும் உறை), டாப் மவுண்ட் மூன்றும் புதிதாகப் போடுங்கள். இவற்றை மிச்சம் பிடித்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி கழற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாலைமேடு

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி அண்ணா. இன்று பார்த்தேன். பின் ஷாக் இரண்டும் கீழ்வரை எண்ணெயில் நனைந்திருக்கின்றன. ஸ்பிரிங் உடையவில்லை, ஆனால் பின் இடது பக்கம் வலதைவிட ஒன்றரை செ.மீ. தாழ்வு. முன் ஸ்ட்ரட் இரண்டும் வெளியே காய்ந்துதான் இருக்கின்றன. அப்படியானால் முன்னால் விட்டுவிடலாமா? சத்தம் எங்கிருந்து?

பழையஇரும்பு

பிரேக் பிடித்தால் குனிகிறது என்று முதலிலேயே சொன்னீர்களே, அதனால் காய்ந்திருப்பதை மட்டும் வைத்து நம்ப மாட்டேன். கசியாமலேயே வால்வு தளரலாம். பின்பக்கத்தை முதலில் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், குனிவு அப்படியே இருந்தால் முன்னாலும் மாற்றுங்கள். தாழ்ந்த பின் ஸ்பிரிங்குகளையும் இதோடே ஜோடியாக மாற்றிவிடுங்கள், எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள்.

சத்தத்துக்கு: சின்னக் குழியில் 'டொக்' என்றால் நான் முதலில் ஸ்டெபிலைசர் லிங்கைத்தான் பார்ப்பேன், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் துண்டு அது. வண்டி சமதரையில் நிற்கும்போது அதைப் பிடித்து ஆட்டினால் தளர்வு கையிலேயே தெரியும். அது சரியாக இருந்தால் ஒருவரை ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பச் சொல்லிவிட்டு, விரல் சுற்றுகளுக்கு நடுவில் போகாமல் உள்ளங்கையை ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் வையுங்கள். சீராகச் சுழலாமல் இறுகி இறுகி உதறினால் டாப் மவுண்ட் பேரிங். இரண்டும் இல்லை என்றால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் வளையம்), அல்லது அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்.

பட்டறைக்காரன்

ஒன்று விட்டுப்போயிற்று. பின் ஷாக்கின் கீழ் போல்ட்டை, புஷ் இருக்கும் பக்கம், சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்காதீர்கள். கையால் முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கிச் சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான் மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழிந்து புதுச் சத்தம் ஆரம்பிக்கும்.

சாலைமேடு

லிங்க்தான் அண்ணா, கையால் ஆட்டினாலே கடகடவென்று சத்தம். இரண்டு பக்கமும் லிங்க், பின் ஷாக், பின் ஸ்பிரிங் எல்லாம் ஆர்டர் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் மாற்றுகிறேன், முன்பக்கக் குனிவு எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.