1/3 ஏன் முடிவதில்லை? எட்டாம் வகுப்புக்கு ஒரு செய்முறை தேவை

கடலூர் முதுநகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லித் தருகிறேன். 1/5 என்பது 0.2 என்று முடிகிறது. 1/3 மட்டும் 0.333... என்று ஓடுவதால், அது முழுமையற்ற எண் என்றே நம்புகிறார்கள். காலாண்டுத் தேர்விலிருந்து இதே சிக்கல்.

நீள்வகுத்தலில் மீதி 1 திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினேன். 10-இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே, 3 அதில் இல்லாததால்தான் 1/3 முடிவதில்லை என்பதையும் விளக்கினேன். முந்திரி என்னும் நம் பழைய 1/320 பின்னத்தையும் எடுத்தோம், 0.003125 என்று அழகாக முடிந்தது. ஆனால் எத்தனை முந்திரி சேர்த்தாலும் சரியாக 1/3 வராது!

பத்துப் பத்தாக அல்லாமல் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும் 12 அடிமானத்துக்குப் போனதும்தான் தடுமாற்றம். அங்கே 1/3 என்பது 0.4, 1/5 தான் 0.24972497... என்று நீளும். பிள்ளைகளோ அந்த 0.4-ஐப் பன்னிரண்டில் நான்கு என்று கொள்ளாமல், பத்தில் நான்கு என்றே படிக்கிறார்கள். பத்து என்பது விரல்கள் தந்த வழக்கம்தான் என்று சொல்லியும் பயனில்லை.

12 அடிமானப் பின்னங்களைக் கையால் செய்து உணர்த்தும் செய்முறை யாரிடமாவது இருக்கிறதா?