பொண்ணு பையில கருத்தடை மாத்திரை, மாமியார் பார்த்துட்டாங்க

கடலூர் மஞ்சக்குப்பம்ங்க. பொண்ணுக்கு 17, ப்ளஸ் டூ. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி தான் பீரியட்ஸ், வந்தா பன்னெண்டு நாள் நிக்காது, டாக்டர் பிசிஓடின்னு (சினைப்பை நீர்க்கட்டி) 21 மாத்திரை அட்டை குடுத்தாங்க. ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்த அட்டைய மாமியார் மெடிக்கல்ல காட்டப்போக, அவன் "கருத்தடை மாத்திரையாச்சே"ன்னுட்டான். வீட்ல ஒரே ரகளை. நிறுத்திடலாமா?

பதில்: பாதியில நிறுத்தாதீங்கக்கா, கண்ட நேரத்துல ரத்தம் படும். அதுல இருக்கறது ஹார்மோன் தான், மாதவிடாய சீராக்கவும் இதையே தான் எழுதுவாங்க. அட்டை முடிஞ்சு 7 நாள் கேப்ல பீரியட்ஸ் வரும். ஒத்தைத் தலைவலி இருந்தா, வீட்ல யாருக்காவது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருந்தா மறைக்காம டாக்டர்ட்ட சொல்லிடுங்க.

பதில்: நான் பாண்டி, லாஸ்பேட்டை. 16 வயசுல நானும் போட்டேன், அம்மா தினம் ராத்திரி காலண்டர்ல பென்சில்ல டிக் போடுவாங்க. புள்ளையே தங்காதுன்னு ஆயா ஒப்பாரி வச்சுது, இப்ப ரெண்டு வாலுங்க வீட்ட ரெண்டாக்குதுங்க😄

பதில்: உறவுக்கப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள போடற அவசர கருத்தடை மாத்திரை வேற, இது வேற. மெடிக்கல்காரருக்கு வாய் ஜாஸ்தி.

கேட்டவர்: தேங்க்ஸ்பா. அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போறேன், டாக்டரே சொல்லட்டும்.