காதில் நிற்காத மெஷின்

தஞ்சாவூர் தாத்தா:

காது கேட்பதற்காகக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் போட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் நான்கு மாதம் பட்ட பாடு சொல்லி மாளாது. செருப்பு மாட்டக் குனிந்தால் போதும், மெஷின் காதை விட்டு இறங்கி, ட்யூப் நுனியில் தொங்கிக்கொண்டு கன்னத்தில் ஆடும். "தாத்தா ஜிமிக்கி போட்டிருக்கார்" என்று பேரன் ஊரைக் கூட்டுவான். என் காது மடல் சின்னது, அதுதான் கோளாறு என்று நானே முடிவுகட்டி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிந்தேன். சித்திரை வெயிலில் வியர்த்தால் அதுவும் உரிந்துவிடும்.

அப்புறம் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறன் சோதித்து மெஷின் பொருத்துகிறவரிடம் போனேன். அந்த அம்மா மெஷினைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று காதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ட்யூப் நீளமா விட்டிருக்காங்க ஐயா" என்றார். காது ஓட்டைக்குள் உட்காருகிற அச்சுக்கு மோல்டு என்று பேர். அந்த மோல்டுக்கும் மெஷின் கொக்கிக்கும் நடுவில் இருக்கிற ட்யூபில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும், நறுக்கிவிட்டு மாட்டினார். மெஷின் காதுமேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. ரொம்ப நறுக்கினாலும் வம்புதானாம். மெஷின் மோல்டை வெளியே இழுக்கும், இடைவெளி விழும், விசில் அடிக்கும். ட்யூப் மஞ்சளாகி விறைத்துப் போனாலும் சுருங்கி அதே கதை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, மோல்டின் மேல் முனை காது மடிப்புக்குள் நுழைய வேண்டும். நான் அதை வெளியிலேயே விட்டிருந்தேன். இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதை மேலே இழுத்துப் பிடித்தபடி, மோல்டைக் கொஞ்சம் திருகினால் 'பொதுக்'கென்று உட்காரும். அந்த உணர்வு வராவிட்டால் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம்.

திருப்பூர் அம்மா:

ஐயா, என் மகனுக்கு மூன்று வயது. காது வளர வளர மோல்டு தளர்கிறது. போன வருடம் மட்டும் இரண்டு முறை அளவெடுத்தோம். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்துவிட்டு, மாவு மாதிரி ஒன்றை ஊசிக்குழாயால் நிரப்புவார்கள். "ஜில்லுனு இருக்கும்மா" என்று சிரிப்பான். இட்லியைக் கடிக்கும்போது தாடை அசைய, விசில் வந்தால் புது மோல்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். சட்டைக் காலரில் கிளிப் போட்ட கயிறு ஒன்று கட்டியிருக்கிறேன், பிடுங்கி எறிந்தாலும் தொலையாது. மோல்டு சுலபமாக நுழையட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததுதான் மிச்சம்.

பைக் ஓட்டுகிறவன்:

எனக்கு மோல்டு கிடையாது, மெல்லிய ட்யூபும் காதுக்குள் போகிற ரப்பர் குமிழும்தான். ஒரு வாரம் வலது மெஷினை இடது காதில் போட்டுக்கொண்டு, வளைவு பொருந்தவில்லையே என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது என்று என் மனைவி பார்த்துச் சொன்னாள்.

போன மாதம் ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஒன்று தெறித்துப் போய்விட்டது. தரையெல்லாம் துழாவினேன். டீக்கடைப் பையன்தான், "அண்ணே, பெஞ்சுக்கு அடியில ஏதோ கீச்னு கத்துது" என்றான். கத்தியது என் மெஷின். எனக்குத்தான் அது கேட்கவில்லை. இப்போது ஹெல்மெட்டுக்கு முன்னால் கழற்றி டப்பாவில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

தஞ்சாவூர் தாத்தா:

தம்பி, குமிழோடு வால் மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இழை வருமே, அதைக் காதுக் குழிவில் வளைத்து விட்டீர்களா? நிறைய பேர் அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

பைக் ஓட்டுகிறவன்:

வெட்டித்தான் எறிந்தேன் ஐயா. நாளைக்கே போய் வேறு வாங்குகிறேன்.