கடல்நீர்த் தொட்டிக்குப் பம்ப் வாங்கிய அனுபவம்: பெட்டியில் ஓர் எண், வாளியில் ஓர் எண்

உச்சிப்புளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் மீனைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். பம்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை. அதனால் இரண்டு ஆண்டுகளில் மூன்று பம்புகள் வாங்கினேன். முதல் இரண்டும் இப்போது பரணில் கிடக்கின்றன. அந்தச் செலவு இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் தொட்டி நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். அதற்குக் கீழே, ஸ்டாண்டுக்குள், வடிகட்டும் சம்ப் இருக்கிறது. மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். அதை மறுபடி மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்பின் வேலை. உள்ளே இருப்பவை குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன்களும் சில டாம்செல் மீன்களும். பாறைகள் அனைத்தும் சிமெண்டும் கிளிஞ்சலும் கலந்து நானே வார்த்து, காரம் போகும்வரை வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்தவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கிருந்து கல் எடுப்பது குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி அள்ளியதில் இந்தக் கடல் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவர மனம் வராது.

முதல் பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. மணிக்குப் பன்னிரண்டு முறை மொத்த நீரும் சுற்றி வந்துவிடும், வேறு எதுவும் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதத்தில் பாறைகளுக்குப் பின்னால் கழிவு படிந்து, அதன்மேல் செம்பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் ஏறியது. கையால் தள்ளினால் தோல்போல உரிந்து வந்தது. மறுநாள் அதே இடத்தில் மீண்டும் பிடித்தது. பம்பில்தான் ஏதோ குறை என்று சந்தேகப்பட்டு, ரிட்டர்ன் குழாயின் வாயை, நீர் விழும் அதே உயரத்தில், 20 லிட்டர் வாளிக்குத் திருப்பிக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். வாளி நிறைய 52 வினாடி ஆனது. அதாவது மணிக்கு 1400 லிட்டருக்கும் சற்றுக் குறைவு.

பெட்டியில் இருக்கும் எண், பம்ப் நீரைக் கொஞ்சமும் மேலே ஏற்றாமல், குழாயே இல்லாமல் தள்ளும் அளவு. ஏற்ற வேண்டிய உயரம் கூடக்கூட அது இறங்கிக்கொண்டே வரும். பெட்டியில் அதிகபட்ச உயரம் என்று எழுதியிருக்கும் இடத்தில் நீர் வருவதே நின்றுவிடும். என் வீட்டில் சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் விளிம்புவரை ஒரு மீட்டர். அதோடு நான் அரை அங்குலக் குழாயும், குழாயைத் திருப்பும் நான்கு எல்போ வளைவுகளும் போட்டிருந்தேன். குழாயை ஓர் அங்குலமாக மாற்றி, இரண்டு எல்போக்களை எடுத்துவிட்டு வளையும் ஹோஸ் போட்ட பிறகு அதே வாளி 38 வினாடியில் நிறைந்தது; மணிக்கு ஏறக்குறைய 1900 லிட்டர். பம்பை மாற்றாமலே 500 லிட்டர் கூடியது. ஒவ்வொரு பம்புக்கும் உயரத்துக்கு எவ்வளவு நீர் என்று காட்டும் வளைகோட்டுப் படம் உண்டு. கடைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்போதும் செம்படலம் போகவில்லை. இன்னும் பெரிய பம்ப் வேண்டும் என்று நினைத்து 6000 லிட்டர் பம்ப் ஒன்றை வாங்கினேன். இதுவே நான் செய்த பெரிய தவறு. இறங்கும் குழாய் அந்த நீரைத் தாங்காமல் மேல்தொட்டியின் நீர் விளிம்புவரை ஏறியது. வால்வைப் பாதி மூடிவைத்து ஓட்டினேன். 120 வாட் மோட்டார் நீருக்குள்ளேயே இருந்ததால் அதன் சூடெல்லாம் நீரில் இறங்கியது. சித்திரை மாதத்தில் தொட்டி 31 டிகிரியைத் தாண்டிவிட்டது. இந்தக் கரையில் கோடைக்காலத்தில் நீரைச் சூடாக்க யாருக்கும் ஹீட்டர் தேவைப்படாது. பம்ப் அந்த வேலையைச் செய்தால் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கும்.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பம்ப் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடுவது. 65 வாட் எடுத்த முதல் பம்ப் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 94 யூனிட்டைத் தின்றது; வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட் அநேகமாக அதற்கே போனது. 120 வாட் பம்புக்கு 170 யூனிட்டுக்கு மேல் ஆனது.

மூன்றாவதாக, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 24 வோல்ட் டிசி பம்பை வாங்கினேன். அதைப் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் வாளி 45 வினாடியில் நிறைகிறது. மணிக்கு 1600 லிட்டர், அதாவது ஆறு முறைக்கு மேல். மின்சாரம் 22 வாட்தான் எடுக்கிறது. சம்ப் வழியாக மணிக்கு ஐந்தாறு முறை நீர் சுற்றினால் வடிகட்டலுக்குப் போதும். தொட்டிக்குள் நீரை அலைக்கழிப்பது வேறு வேலை. அதற்குக் கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டும் சிறிய வேவ்மேக்கர் இரண்டு போதும். அவை நீரை உயரே ஏற்ற வேண்டியதில்லை என்பதால் ஆளுக்கு ஐந்து வாட்டிலேயே நிறைய நீரைத் தள்ளுகின்றன. அவற்றை மாட்டிய மூன்றாவது வாரம் அந்தச் செம்படலம் தானாக விட்டுப்போனது.

இன்னொன்று, எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2024 நவம்பரில் ராமேசுவரத்திலும் பாம்பனிலும் பெருமழை கொட்டிய நாளில் எங்கள் பக்கமும் மின்சாரம் நின்றது. ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே இருந்தது. பம்ப் நின்றதும் குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கியது. என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது ஐந்தரை லிட்டர். ஆறு சென்டிமீட்டருக்கு முப்பது லிட்டருக்கு மேல் சம்பில் இறங்கி, அது நிரம்பி வழிந்து, தரையில் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை நனைத்தது. இருட்டில் வெறுங்காலோடு அதை மிதித்திருக்கிறேன். அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. மறுநாள் முதல் வேலையாக மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டேன். பெட்டியைச் சுவரில் உயர்த்தி மாட்டினேன். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிக் கீழே ஒரு சிறு துளை போட்டேன். நீர் அந்தத் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடுகிறது. நீர் திரும்பி வராமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலே அது முழுவதும் மூடாது. சம்பில் அந்த நீர் முழுவதும் இறங்கினாலும் தாங்கும் இடத்தைக் காலியாக விடுவதைத்தான் நான் நம்புகிறேன்.

கீழக்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

உச்சிப்புளி சகோதரருக்கு வணக்கம். நான் ஷார்ஜாவில் வேலையில் இருந்தபோது ஆறு ஆண்டுகள் வளர்ப்புப் பவளங்களை வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பும்போது அவற்றை அங்கேயே நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லைக்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதை இதைப் படிக்கும் இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வேவ்மேக்கர் பற்றி அவர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எவ்வளவு நீர் என்பதைப் போலவே எப்படி வருகிறது என்பதும் முக்கியம். தொடக்கத்தில் நான் வேவ்மேக்கரை ஒரு சதைப்பற்றுள்ள பவளத்துக்கு நேராக வைத்துவிட்டேன். அது ஒரு பக்கம் மட்டும் விரியாமல் சுருங்கியே இருந்தது. பத்து நாளில் அந்தப் பக்கத்துச் சதை கிழிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. பிறகு இரண்டையும் எதிரெதிர்க் கண்ணாடியில், நீரோட்டங்கள் நடுவில் மோதும்படி வைத்து, மாறிமாறி ஓடவிட்டேன். மென்பவளங்களுக்குத் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் பத்து முதல் இருபது மடங்கு ஓட்டம் போதும். கிளைவிடும் கல்பவளங்களுக்கு நாற்பது மடங்குகூடத் தேவைப்படும். மீன் மட்டும் வைத்திருப்பவர்கள் கழிவு தேங்காத அளவைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் நான் இங்கு வந்து பட்டது ஒன்று உண்டு. எங்கள் காக்கா (அண்ணன்) வீட்டுப் பழைய இன்வெர்ட்டர் சதுர அலை வகை. அதில் ஏசி பம்பைப் போட்டதும் பூச்சி ரீங்காரம்போல ஒரு சத்தம் வந்தது. தொட்டுப் பார்த்தால் சூடு. இரண்டு மூன்று மின்வெட்டுகளுக்குப் பிறகு பம்ப் அப்படியே நின்றுவிட்டது. ஏசி பம்ப் வைத்திருப்பவர்கள் சைன் அலை இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும். பேட்டரி குறைவாக இருந்தால் ரிட்டர்ன் பம்பை விட்டுவிட்டு ஒரு வேவ்மேக்கருக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் முகத்தை நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி மேற்பரப்பு கலங்கும்படி வைத்தால் காற்று கரையும், மீன்கள் பிழைக்கும்.

பாம்பனிலிருந்து ஓர் உறுப்பினர்:

கீழக்கரை அண்ணன் எழுதிய எதிரெதிர் ஓட்டத்தைப் படித்ததும் எங்கள் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் கடலுக்குப் போகிறவர். என் தொட்டியில் ஒரே பக்கமாக ஓடும் நீரைப் பார்த்துவிட்டு, "பாலத்துக்குக் கீழே நீவாடு வருசம் முழுக்க ஒரே பக்கமாவா ஓடுது? வாடையில தெற்கே போகும், கச்சான்ல வடக்கே திரும்பும்" என்றார். நீவாடு என்றால் நீரோட்டம்; வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று. அன்றுமுதல் டைமர் போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தின் திசையை மாற்றுகிறேன். கழிவு ஒரே மூலையில் சேர்வது நின்றது.

ஆனால் அதற்கு முன் நான் செய்த தவறு பெரியது. பணத்தை மிச்சப்படுத்த ஏர்கூலர் பம்ப் ஒன்றைச் சம்பில் போட்டேன். நல்ல தண்ணீருக்கென்று செய்த பொருள் அது. மூன்றாவது வாரம் அதன் அடியில் துருவோடு பச்சையாக ஒரு கசிவு தெரிந்தது. அன்று மாலை நத்தைகள் கண்ணாடியைப் பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. இரண்டு நாளில் இறால்கள் எல்லாம் செத்துவிட்டன. மீன்களுக்கு ஒன்றும் ஆகாததால் காரணம் தாமிரம் என்று எனக்கு உறைக்கத் தாமதமானது. மீன் தாங்கும் அளவுத் தாமிரமே முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். கடல்நீருக்கு வாங்கும் பம்பில் சுழலும் தண்டு செராமிக்காக இருக்க வேண்டும். சுருள் முழுவதும் எபாக்சியால் மூடியிருக்க வேண்டும். நீர் படும் இடத்தில் ஓர் உலோகத் திருகுகூட இருக்கக் கூடாது.

கடல்நீர் எடுத்து வருபவர்களுக்கு: வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிச் சேறாக இருக்கும். அப்போது தென்கடலில் (மன்னார் வளைகுடா) எடுங்கள். இரண்டு நாள் தெளியவைத்த பிறகு ஊற்றுங்கள். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் புஷ்ஷைத் தேய்ப்பது அந்த நுண்சேறுதான்.

உச்சிப்புளி உறுப்பினர் மீண்டும்:

பாம்பன் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று என் பம்பைக் கழற்றினேன். தண்டு செராமிக்தான். ஆனால் ஏழு மாதமாகத் திறக்காத இம்பெல்லரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டினேன். கழற்றுவதற்கு முன் 58 வினாடி ஆன வாளி இன்று மீண்டும் 45 வினாடியில் நிறைந்தது. குழாயில் போட்ட சிறு துளையும் பாசியால் பாதி அடைபட்டிருந்தது. அதை ஒரு குச்சியால் குத்தித் திறந்து, பம்பை நிறுத்திப் பார்த்தேன். நீர் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியதும் துளையில் காற்று புகும் சத்தம் கேட்டது. சம்பில் இன்னும் நான்கு விரல்கடை இடம் மீதி இருந்தது.