மூன்று பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, அளவான பணம்: இந்த இரண்டு பழைய மினிவேன்களில் எதை எடுக்கலாம்?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். நான், மனைவி, 9, 6, 2 வயதில் மூன்று பிள்ளைகள், அப்புறம் என் அம்மா. இப்போதிருக்கும் காரில் ஐந்து பேர்தான் உட்கார முடியும். எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருவர் வீட்டில் தங்கிவிட வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அது அம்மாதான். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடன் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். சேர்த்து வைத்த பணத்துக்குள் பழைய மினிவேன் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், விலை ஏறத்தாழ ஒன்றுதான். நிறுவனப் பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு முழுக்கப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

முதல் வேன்: 13 வருடம் ஆனது, 2,35,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதாக வாங்கிய குடும்பமே இன்றுவரை வைத்திருக்கிறது. ஆயில் மாற்றியதிலிருந்து பிரேக் போட்டது வரை எல்லா பில்லும் ஒரு ஃபைலில் இருக்கிறது. பார்க்க அழகில்லை. சீட்டில் கறை, பின் பம்பரில் கீறல். வலது ஸ்லைடிங் கதவு பட்டனுக்குத் திறக்காது, கையால் இழுத்தால் திறக்கும்.

இரண்டாவது வேன்: 9 வருடம், 1,40,000 கிலோமீட்டர். உள்ளேயும் வெளியேயும் பளிச்சென்று இருக்கிறது. விற்பவர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறதாம். பில் எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் ஒரு நொடிக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ‘டக்’ என்று ஒரு உதை உதைத்து நகர்ந்தது. “கொஞ்ச நாள் ஓட்டாமல் நின்றது, அதனால்தான். ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்.

மனைவிக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் போகிறது. அந்த உதை மட்டும் உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

தம்பி, நான் 20 வருடத்துக்கு மேல் கேரேஜில் வேலை செய்கிறவன். முதலில் ஒரு கேள்வி. இரண்டாவது வேனை நீங்கள் போய்ப் பார்த்தபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா?

கேட்டவர்

சூடாகத்தான் இருந்தது அண்ணே. நான் போகும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். “ஏசி போட்டு வைத்தேன்” என்றார்.

பதில் 1

அப்படியானால் அவர் சொன்ன காரணம் பொருந்தவில்லை. பல நாள் நிற்கும் வண்டியில், எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாக கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் கீழே இறங்கிவிடுவது உண்டு. அப்போது கியர் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் அது ஸ்டார்ட் செய்து முதல் தடவை கியர் போடும்போது மட்டும்தான். எஞ்சின் ஓடி, சூடாகி, ரிவர்ஸில் பின்னால் வந்து, அதற்கப்புறம் டிரைவுக்கு மாற்றும்போதும் தாமதம் வருகிறது என்றால் டிரான்ஸ்மிஷன் (கியர் பெட்டி) உள்ளே ஆயில் அழுத்தம் சரியாகச் சேரவில்லை. ஆயில் குறைவாக இருக்கலாம், உள்ளே சீல் தேய்ந்திருக்கலாம், ஆயிலைத் தேவையான கியருக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடி மக்கர் செய்யலாம், கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். இவற்றில் மலிவானது ஆயில் குறைவுதான். டிரான்ஸ்மிஷன் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை, குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் ‘டக்’ சத்தம் வரும். ஆனால் மவுன்டால் தாமதம் வராது. தாமதமும் உதையும் சேர்ந்து வந்ததால்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

மினிவேனில் டிரான்ஸ்மிஷனை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. வண்டியே கனம். அதில் ஏழு பேர், சாமான், கோடையில் முன்னும் பின்னும் ஏசி. கார் டிரான்ஸ்மிஷனைவிட இது அதிகம் உழைக்கிறது, அதிகம் சூடாகிறது. ஆயிலைக் கெடுப்பது அந்தச் சூடுதான். பழைய வேனில் அதைப் பிரித்து வேலை பார்க்கிற செலவு சில நேரம் வண்டியின் விலைக்கே பக்கத்தில் வந்துவிடும்.

பதில் 2

அவர் சொன்னதை என் அனுபவத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். நாங்களும் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினோம். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. இதே மாதிரி ஒரு சின்னத் தயக்கம் இருந்தது, “பழகிவிடும்” என்று விட்டுவிட்டோம். நான்காவது மாதம் மேட்டில் ஏறும்போது எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் பயந்துபோய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கையிலிருந்த எல்லாப் பணத்தையும் வண்டி வாங்கவே கொடுத்துவிட்டதால் ரிப்பேருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஏழு வாரம் வேன் வாசலில் நின்றது.

தயவுசெய்து உங்கள் மொத்தப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்காவது தனியாக வையுங்கள். முதல் வருடத்தில் அது வேண்டியிருக்கும்.

பதில் 3

எஞ்சினைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது அண்ணா. ஆனால் மூன்று பிள்ளைகளையும் மாமியாரையும் ஏற்றி இறக்குகிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். வாங்குவதற்கு முன் உங்கள் அம்மாவையும் பிள்ளைகளின் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். போட்டுப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

நடு வரிசை இரண்டு தனி சீட்டா, மூன்று பேர் உட்காரும் நீள சீட்டா என்பதுதான் உங்கள் வீட்டுக்கு முக்கியமான விஷயம். பெரும்பாலான வேன்களில் பின் வரிசைக்குப் போக நடு சீட்டைத் தள்ளவோ மடக்கவோ வேண்டும். அதன்மேல் குழந்தை சீட்டைக் கட்டிவிட்டால் பல வண்டிகளில் அது முடியாது. தனி சீட்டாக இருந்தால் நடுவே ஒரு நடைபாதை இருக்கும், பெரிய பிள்ளைகள் அதன் வழியே பின்னால் போய்விடுவார்கள். 2 வயதுக் குழந்தை நடு வரிசையில் ஒரு பக்கம், அம்மா இன்னொரு பக்கம், 9-ம் 6-ம் பின்னால். எங்கள் வீட்டில் இப்படித்தான் வேலைக்கு ஆகிறது.

6 வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) வைப்பீர்கள் அல்லவா? அதைப் பின் வரிசையில் வைத்து, பிள்ளையையே பெல்ட்டைப் போடச் சொல்லிப் பாருங்கள். சில வேன்களில் பின் சீட்டின் பக்கிள் தளர்வான பட்டையில் தொங்கும், பூஸ்டருக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். சின்னக் கையால் எடுக்க வராது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் பின்னால் ஊர்ந்து போய்ப் பூட்ட வேண்டியிருக்கும். பூஸ்டருக்கு இடுப்புப் பட்டை மட்டும் போதாது, தோள் பட்டையும் வேண்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஏறும்போது எதைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். கதவுத் தூணில் கைப்பிடி இருக்கிறதா, கை அதற்கு எட்டுகிறதா? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். இறங்கவும் சொல்லிப் பாருங்கள்.

பதில் 4

மினிவேன்தான் வேண்டுமா? ஏழு சீட் எஸ்யூவி பார்க்கலாமே?

பதில் 3

பார்க்கலாம். ஆனால் எஸ்யூவி உயரம், அம்மாவுக்கு ஏறக் கஷ்டம். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பலவற்றில் சாமான் வைக்க இடமே இருக்காது. மினிவேனில் பின் சீட்டுக்குப் பின்னால் ஆழமான பள்ளம் இருக்கிறது, தள்ளுவண்டி அதற்குள் நிற்கும்.

பதில் 1

தம்பி, இரண்டையும் உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். அதற்கு அவர் வாங்கும் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவை சில உண்டு.

காலையில் போங்கள், “ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் நிமிடத்தில் தெரிகிற சத்தமும் புகையும் அப்புறம் தெரியாது.

ஓபிடி ரீடர் ஒன்று கடன் வாங்குங்கள், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் சின்னக் கருவி அது. எரர் கோட் (கோளாறு எண்) இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ‘ரெடினஸ்’ என்ற பகுதியையும் பாருங்கள். யாராவது நேற்று எரர் கோட்களை அழித்திருந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியாது, ஆனால் அந்தப் பகுதியில் பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும், அதனால் அதை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எஞ்சினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். இதில் பெயர் சொல்லாமல் முடியாது. டொயோட்டா சியனாவில் 2004 முதல் 2006 வரை வந்த 3.3 லிட்டர் எஞ்சினில் பெல்ட், 2007-ல் வந்த 3.5 லிட்டரில் செயின். டாட்ஜ் கிராண்ட் கேரவனில் 2011 முதல் வந்த 3.6 லிட்டரிலும் செயின். ஹோண்டா ஒடிசியின் வி6-ல் பெல்ட். ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், வாட்டர் பம்பையும் அதோடு மாற்றிவிடுவது வழக்கம். அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ட் வண்டி மோசம் என்று சொல்லவில்லை, அருமையான எஞ்சின்தான். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

துருவுக்கு, ஸ்லைடிங் கதவுக்கு அடியில் இருக்கும் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். குளிர்நாட்டில் சாலையில் உப்புத் தூவுகிற இடத்தில் ஓடிய வண்டி என்றால் இது கட்டாயம். பின் ஏசிக்குப் போகும் குழாய்களும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன, அவையும் அரிக்கும். ஏசியை முன்னால் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், பின் சீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. டயரின் பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

கடைசியாக, வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைத்தது, பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் பிரச்சினையில் உலகம் முழுக்கப் பல கோடி ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வேன்கள் பலவும் அதில் உண்டு. மாற்றாமலே கைமாறிய வண்டிகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, இதை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நிறைய நடந்துவிட்டது.

இரண்டாவது வேனை மறுபடி காலையில் பார்க்கப் போனேன். பானெட் சூடு. ரீடரை மாட்டினேன், எரர் கோட் ஒன்றும் இல்லை, ஆனால் ரெடினஸில் ஐந்து சோதனை முடியாமல் இருந்தது. பேட்டரி மாற்றினீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் கொண்டு போகலாமா என்றதற்கு, “வேறு ஒருவர் பணத்தோடு வருகிறார், இன்றே சொல்லுங்கள்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வேனுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். பானெட் குளிர்ந்திருந்தது. அக்கா சொன்னபடி இறங்கச் சொன்னேன். அம்மா கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, திரும்பி, காலை ஊன்றி இறங்கிவிட்டார். நான் கை கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நடுவில் தனி சீட்டுகள்தான். பூஸ்டர் பக்கிள் மட்டும் கொஞ்சம் படுத்துகிறது, மகள் மூன்றாவது முயற்சியில் போட்டுவிட்டாள்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததில் டிரான்ஸ்மிஷன் ஆயில் சுத்தம், பில்லின்படி இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். டைமிங் செயின். முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டும் கிழிந்திருக்கின்றன, பின் ஷாக் அப்சார்பர் ஒன்று ஒழுகுகிறது, துரு மேலாகத்தான். ரிப்பேர் கணக்கைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்டோம், குறைத்தார்கள். வாங்கிவிட்டோம். தனியாக வைத்த பணத்தில் புஷ்ஷும் ஷாக்கும் மாற்றியாகிவிட்டது, மீதியும் இருக்கிறது.

மனைவிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். சீட்டைக் கழுவிக் கொடுத்த பிறகு சரியாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஒரே வண்டியில் போய்வந்தோம்.

ஒரு கேள்வி பாக்கி. அந்த வலது கதவின் கேபிள் நைந்துவிட்டதாம். மாற்றச் செலவு அதிகம். கையால் திறந்து மூடியே ஓட்டலாமா?

பதில் 1

சந்தோஷம் தம்பி. ஓட்டலாம். மோட்டார் கதவின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் யாராவது பட்டனை அமுக்கும்போது நைந்த கேபிள் சுருண்டு தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும். கீழ்த் தண்டவாளத்தில் சேர்ந்திருக்கும் மண்ணைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள், இழுக்க இலகுவாக இருக்கும்.

இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். முன்பக்கம் தாழ்ந்திருக்கிற சரிவில் வண்டியை நிறுத்தி, அந்தக் கதவை முழுக்கத் திறந்து கையை எடுத்துவிடுங்கள். அங்கேயே நிற்க வேண்டும். தானாக முன்னால் உருண்டு வந்தால் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்கிற வரைக்கும் அம்மாவும் பிள்ளைகளும் இடது கதவு வழியாகவே ஏறி இறங்கட்டும்.